சேப்பாக்கம் 97: பழைய பாடத்துக்கு ஒரு திருத்தம்



போன மாதம் நடந்த நம் ஒன்றுகூடலில், சாப்பாடு முடிந்து எல்லோரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்ட நேரத்தில், ஒருவர் எழுந்து, "சார், அந்த விஸ்வநாத் கதைய ஒரு தடவை சொல்லுங்க சார்" என்றார். உடனே எல்லோரும் கை தட்டினீர்கள். தலை நரைத்தவர்கள்கூட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி என் முகத்தையே பார்த்தீர்கள். நானும் ஆரம்பித்தேன். பாதியில் தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

தொண்டை நன்றாகத்தான் இருந்தது. சொல்லத்தான் மனம் வரவில்லை. ஏன் என்று இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வெளியூரில் இருக்கும் உறவினர்களுக்காகவும் இளைய பிள்ளைகளுக்காகவும் முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1974 நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியாவுக்கு வந்தது. கிளைவ் லாயிட் கேப்டனாக வந்த முதல் தொடர் அது. கார்டன் கிரீனிட்ஜ், விவியன் ரிச்சர்ட்ஸ் இருவரும் பெங்களூரில் நடந்த முதல் டெஸ்டில்தான் அறிமுகமானார்கள். அந்த டெஸ்டில் இந்தியா 267 ரன் வித்தியாசத்தில் தோற்றது. டெல்லியில் ரிச்சர்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 192 அடித்தார். இன்னிங்ஸ் தோல்வி. பட்டோடி காயத்தால் ஆடாததால் டெல்லியில் நம் வெங்கட்ராகவன் கேப்டனாக இருந்தார். அடுத்த டெஸ்டில் அவருக்கு ஆடும் பதினொருவரிலேயே இடம் கிடைக்கவில்லை. கவாஸ்கரும் காயத்தால் வெளியே. ஐந்தும் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கல்கத்தாவில் கதை மாறியது. பட்டோடி தாடையில் அடி வாங்கி வெளியேறி, திரும்பி வந்து ஆடினார். இரண்டாவது இன்னிங்ஸில் விஸ்வநாத் 139. சந்திரசேகரும் பேடியும் பந்து வீச, இந்தியா 85 ரன்னில் வென்றது. கணக்கு 2-1. அடுத்தது சென்னை. 1975 ஜனவரி 11, சனிக்கிழமை. பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது.

அந்த நாள்களில் சென்னைக்காரர்களுக்குப் பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சளோடு டெஸ்ட் மேட்சும் சேர்ந்ததுதான். 1967இலும் இப்படித்தான் ஒரு பொங்கல் டெஸ்ட். ஹால், கிரிஃபித், சோபர்ஸ் மூவரும் பந்து வீச, ஃபரூக் என்ஜினீயர் உணவு இடைவேளைக்குள் 94 ரன் அடித்தார். என் தாய்மாமன் அந்த ஆட்டத்தைப் போய்ப் பார்த்தவர். சாகிற வரை அந்த 94ஐப் பற்றிப் பேசினார்.

1975இல் சேப்பாக்கம் ஆடுகளம் வேகமாகவும், பந்து நன்றாக எழும்புவதாகவும் இருந்தது. இந்த எழும்புதலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வகுப்பில் நான் இதை விளக்கியதே இல்லை, அது என் தப்பு.

ஆடுகளம் என்பது களிமண் கலந்த மண். தண்ணீர் விட்டு, காய விட்டு, கனமான உருளையை நாள்கணக்கில் ஓட்டி இறுக்குவார்கள். நன்றாக இறுகிக் காய்ந்த களிமண் சிமெண்டுத் தரை மாதிரி. பந்து குத்தினால் அதன் வேகத்தை மண் விழுங்காது, திருப்பிக் கொடுத்துவிடும். மேல்மண் பொடிந்து போனால் வேகத்தை மண் விழுங்கிவிடும். பந்து தாழும், திரும்பும். நம் நாட்டு ஆடுகளங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அந்த ஜனவரியில் சேப்பாக்கம் முதல் வகை. இறுகிய ஆடுகளம் வேகப்பந்து வீச்சாளருக்கு வரம் என்று சொல்வார்கள். பாதி உண்மை. பந்து ஒரே மாதிரி எழும்பும் என்று நம்பலாம் என்றால் தைரியமுள்ள மட்டையாளருக்கும் அது வரம்தான். பந்தின் வேகமே ரன் ஆகிவிடும், அவர் திசையை மட்டும் காட்டினால் போதும். உயரத்திலிருந்து சுழற்றிப் போடும் ஸ்பின்னருக்கும் வரம். பந்து மட்டையின் மேல்பகுதியில் பட்டு, பக்கத்தில் நிற்பவர் கைக்குப் போகும். இந்த மூன்றும் அந்த ஒரே டெஸ்டில் நடந்தன.

எதிரே ஆண்டி ராபர்ட்ஸ். ஆன்டிகுவா தீவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு வந்த முதல் ஆள். அதற்கு முந்தைய கோடையில்தான் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் அணிக்கு ஆடி ஒரே சீசனில் 119 விக்கெட் எடுத்திருந்தார். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டமாட்டார். அவரிடம் இரண்டு பவுன்ஸர் உண்டு. ஒன்று கொஞ்சம் மெதுவாக வரும். 'இதுதானா' என்று நினைத்து அடுத்ததை ஹூக் செய்யப் போனால் அது வேகமாக வந்து முகத்தில் இறங்கும். அப்போது ஹெல்மெட் கிடையாது.

இந்தியா முதலில் ஆடியது. 117க்கு 8 விக்கெட். ஐந்தடி மூன்று அங்குலம்தான் இருக்கும் குண்டப்பா விஸ்வநாத் ஒரு முனையில் நின்றார். ஒன்பதாவது விக்கெட்டுக்கு பேடியோடு 52 ரன். கடைசி விக்கெட்டுக்கு சந்திரசேகரோடு 21 ரன். மொத்தம் 190. சந்திரசேகர் ஆட்டமிழந்தபோது விஸ்வநாத் 97, நாட் அவுட். அடுத்தபடியாக அந்த இன்னிங்ஸில் ஒருவர் எடுத்த அதிக ரன் 19. ராபர்ட்ஸுக்கு 64 ரன் கொடுத்து 7 விக்கெட்.

மேற்கிந்தியத் தீவுகள் 192. இரண்டே ரன் முன்னிலை. பிரசன்னா 5 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 256. அப்போதுதான் இரண்டாவது டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த அன்ஷுமன் கெயிக்வாட் 80 அடித்து ரன் அவுட் ஆனார். விஸ்வநாத் 46. ராபர்ட்ஸ் மறுபடியும் 5. பிறகு நம் மூன்று ஸ்பின்னர்களும் சேர்ந்து எதிரணியை 154க்குச் சுருட்டினார்கள். 100 ரன் வெற்றி. ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று தொடர் 2-2 ஆனது. ஒரு டெஸ்டில் 121 ரன் மட்டும் கொடுத்து 12 விக்கெட் எடுத்த ராபர்ட்ஸ் தோற்ற அணியில் இருந்தார். பம்பாயில் ஐந்தாவது டெஸ்டில் லாயிட் 242 அடித்து தொடரைக் கொண்டுபோனது வேறு கதை. அங்கேயும் விஸ்வநாத் 95இல் நின்றார். 2001இல் விஸ்டன் தலைசிறந்த 100 டெஸ்ட் இன்னிங்ஸ்களை வரிசைப்படுத்தியபோது, சதம் ஆகாத இந்த 97உம் அதில் இடம் பிடித்தது.

இதுவரை எழுதியது ஏட்டில் இருப்பது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இனி நான் வகுப்பில் சொன்னது. பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள், பாடம் நடத்தினால் யாருக்கும் ஏறாது என்று தெரிந்தே, ஆண்டுதோறும் இதைச் சொல்வேன். "நான் அன்னிக்கு சேப்பாக்கத்துல இருந்தேன். ராபர்ட்ஸ் ஓடி வர்றான். பந்து நெஞ்சு உயரத்துக்கு எழும்புது. திடீர்னு கூட்டம் ஓன்னு கத்துது. அப்புறம்தான் பந்து எங்க போச்சுன்னு தெரியுது. பாயிண்டுக்கும் தேர்ட் மேனுக்கும் நடுவுல, பவுண்டரி!" கையில் இருக்கும் அளவுகோலை மட்டையாக்கி, குதிகாலை உயர்த்தி ஸ்கொயர் கட் அடித்துக் காட்டுவேன். நீங்கள் மேசையைத் தட்டுவீர்கள்.

நான் அன்று சேப்பாக்கத்தில் இல்லை.

புதுச்சேரியில், எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தேன். பதினாறு வயது. பக்கத்து வீட்டு ரேடியோவை ஜன்னல் ஓரமாக வைத்திருந்தார்கள். தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர். தொலைக்காட்சியில் பார்த்திருக்கவும் வழியில்லை. சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்ததே அந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல்தான், ஏழு மாதம் கழித்து. அந்த 97ஐப் பார்த்தவர்கள் மைதானத்துக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் கேட்டவர்கள். நான் கேட்டவன்.

நம் ஊரில் கிரிக்கெட் கேட்பதற்கு ஒரு தனிச் சிரமம் இருந்தது. அதைச் சொன்னால்தான் அந்தத் திண்ணை உங்களுக்குப் புரியும்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். அவர்களுக்கும் கிரிக்கெட்டுக்கும் தூரம். 1900 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடந்தது, பிரிட்டனும் பிரான்ஸும் மோதின. பிரான்ஸ் அணியில் ஆடியவர்களிலேயே பெரும்பாலோர் பாரீஸில் குடியிருந்த ஆங்கிலேயர்கள்! தோற்றும் பிரான்ஸுக்கு வெள்ளிப் பதக்கம். ஆகவே அவர்கள் இங்கே விட்டுப்போன விளையாட்டு கால்பந்தும் பெத்தாங்கும்தான். பெரியவர்கள் மாலையில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவதை இன்றைக்கும் பார்க்கலாம். பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாக்கள் உலகக் கோப்பைக் கால்பந்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கிரிக்கெட் என்றால் "அது இங்கிலீஷ்காரன் ஆட்டம்" என்று முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், வரலாற்றுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது. இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது 1952 பிப்ரவரி 10, இதே சேப்பாக்கத்தில். இங்கிலாந்தை ஒரு இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். வினூ மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட். சென்னை இங்கிருந்து 160 கிலோமீட்டர்தான். ஆனால் அன்று என் அப்பாவுக்கு அது அடுத்த தேசத்தில் நடந்த ஆட்டம். கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் எல்லைச் சோதனை. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி முழுதாக வந்தது 1962 ஆகஸ்ட் 16. இந்தியா தன் முதல் டெஸ்டை வென்றபோது நாம் அந்த இந்தியாவில் இல்லை.

என் அப்பா பிரெஞ்சில் பிரெவே பாஸ் செய்தவர், மில்லில் கணக்கு எழுதியவர். கணக்கு, பிரெஞ்சு, தமிழ் மூன்றும் சுத்தமாக வரும். ஆங்கிலம் வராது. ரேடியோவில் வர்ணனையோ ஆங்கிலத்தில். தெருவில் பாதிப் பேர் நிலைமையும் அதுதான். நான் பள்ளியில் ஆங்கிலம் படித்த பையன். "டேய் தம்பி, என்ன சொல்றான்னு சொல்லு" என்று அப்பா என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். அந்தச் சனிக்கிழமை நான்தான் அந்தத் தெருவுக்கு மொழிபெயர்ப்பாளன்.

எனக்குப் புரிந்தது பாதிதான். ரேடியோ இரைச்சல் வேறு. 'கல்லி' என்கிறார்கள், 'பாயிண்ட்' என்கிறார்கள், மைதானத்தில் அது எந்த மூலை என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஆனால் பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று சொல்ல முடியுமா? கையை வீசிக் காட்டினேன். "நெஞ்சுக்கு வந்துதுப்பா, குதிகால தூக்கி மேலேர்ந்து வெட்டினான்" என்றேன். வர்ணனையாளர் குதிகாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் சேர்த்துக்கொண்டது. குள்ளமான ஆள் நெஞ்சு உயரப் பந்தைக் கீழ்நோக்கி வெட்ட வேண்டுமென்றால் குதிகால் எழும்பித்தானே ஆக வேண்டும் என்று என் புத்திக்குப் பட்டது.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை சிரித்தார். "பால், பால்னு சொல்றானே, பிரெஞ்சுல பால்னா பந்துக்கும் பேரு, துப்பாக்கிக் குண்டுக்கும் பேரு. இந்த ராபர்ட்ஸ் போடறது ரெண்டாவதா இருக்கும்" என்றார். தெருவே சிரித்தது.

கடைசி விக்கெட்டுக்கு சந்திரசேகர் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன வயதில் போலியோவால் வலது கை மெலிந்தவர். அந்தக் கையாலேயே பந்து வீசி 242 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். டெஸ்டில் அவர் அடித்த மொத்த ரன் 167தான், விக்கெட்டைவிடக் குறைவு. அப்படிப்பட்டவர் ராபர்ட்ஸுக்கு எதிரே நின்றார். அவர் ஒவ்வொரு பந்தைத் தாண்டும்போதும் தெரு மூச்சு விட்டது. கடைசியில் அவர் அவுட். 97.

"சே, மூணு ரன்" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அப்பா மட்டும் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "அந்த ரெண்டு பேரும் நின்னப்ப மொத்தம் எவ்வளவு வந்துது?" கூட்டிச் சொன்னேன். 52உம் 21உம், 73. "அப்போ மூணு குறைச்சல்னு சொல்லாத. எழுபத்துமூணு வரவுன்னு எழுது" என்றார்.

சரி, நான் ஏன் நேரில் பார்த்ததாகச் சொன்னேன்? இதற்கு ஒரு பாதி விளக்கம் இருக்கிறது.

நான்கு ஆண்டு கழித்து, 1979 ஜனவரியில், மேற்கிந்தியத் தீவுகள் மறுபடி சேப்பாக்கத்துக்கு வந்தார்கள். நான் பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு. நண்பன் ஒருவனோடு திண்டிவனம் வழியாக இரவு பஸ் பிடித்து, திருவல்லிக்கேணியில் ஒரு அறையில் படுத்து, விடிவதற்கு முன்பே வாலாஜா சாலையில் வரிசையில் நின்றேன். அந்த ஆடுகளமும் வேகமானது, எழும்பக்கூடியது. இந்தியா முதல் இன்னிங்ஸில் எடுத்த 255இல் விஸ்வநாத் மட்டும் 124. அந்த ஆட்டத்தில் கொஞ்ச நேரம் என் கண்ணால் பார்த்தேன். ஒரு ஸ்கொயர் கட், அதையும் பார்த்தேன். கடைசியில் இந்தியா 125ஐ 7 விக்கெட் இழந்து எட்டிப் பிடித்தது. ஆறு டெஸ்ட் தொடரில் முடிவு கிடைத்த ஒரே டெஸ்ட் அதுதான்.

ஆனால் அந்த அணியில் ராபர்ட்ஸ் கிடையாது. அவரும் லாயிடும் ரிச்சர்ட்ஸும் ஆஸ்திரேலியாவில் கெரி பாக்கரின் போட்டிகளுக்குப் போய்விட்டார்கள். காளிச்சரண் தலைமையில் வந்த அணி அது. வேகத்துக்கு சில்வெஸ்டர் கிளார்க், நார்பெர்ட் பிலிப். கிளார்க் சாதாரண ஆள் இல்லை. ஆனாலும் பிள்ளைகளிடம் சொல்லும்போது ராபர்ட்ஸ் என்றால்தான் எடுபட்டது. 124ஐவிட 97 கதைக்குப் பொருத்தமாக இருந்தது. நான் பார்த்த கட்டையும் நான் கேட்ட இன்னிங்ஸையும் ஒன்றாகத் தைத்துவிட்டேன். முதல் இரண்டு வருடம் தெரிந்தே சொன்னேன். பிறகு பழகிவிட்டது. பத்து வருடத்துக்குப் பிறகு எனக்கே சந்தேகம் வரவில்லை.

ஆனால் ஒரு மாணவனுக்குச் சந்தேகம் வந்தது.

எந்த ஆண்டு என்று எழுதமாட்டேன். கடைசி வரிசைக்கு முந்தைய வரிசை. அதிகம் பேசாத பையன். நான் அளவுகோலை வீசி முடித்து, எல்லோரும் மேசையைத் தட்டி அடங்கியதும், கையைத் தூக்கினான். "சார், நேர்ல இருந்தா பந்து போறதுதானே சார் முதல்ல தெரியும்? கூட்டம் கத்தறது அப்புறம்தானே சார்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கு முகம் சுட்டது. "பெரிய அதிகப்பிரசங்கி, நீதான் மேட்ச் பார்த்தியா? உட்காருடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு முழுக்க அவன் என் வகுப்பில் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

அவன் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று பாருங்கள். ஒலியைவிட ஒளி வேகம். 1979இல் நான் தூரத்துக் கேலரியில் உட்கார்ந்திருந்தபோது மட்டை வீசுவது முதலில் தெரியும், 'டக்' என்ற சத்தம் ஒரு கணம் கழித்துத்தான் காதுக்கு வரும். கூட்டத்தின் கூச்சல் அதற்கும் பிறகு. ரேடியோவிலோ எல்லாம் தலைகீழ். கூட்டம் முதலில் கத்திவிடும், நாம் பதறுவோம், அவுட்டா பவுண்டரியா என்று தெரியாது. பிறகுதான் வர்ணனையாளர் சொல்லுவார். "கூட்டம் கத்தியது, அப்புறம்தான் பந்து எங்கே போனது என்று தெரிந்தது" என்று நான் சொன்ன வரிசை ரேடியோ கேட்டவனின் வரிசை. என் வாயே என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒரு பதினாலு வயதுப் பையன் அதைக் கண்டுபிடித்தான்.

"யார் சொன்னது, அவர் அங்கே இருந்தாரா, எப்படித் தெரியும் என்று கேளுங்கள்" என்று கல்வெட்டைப் பற்றியும் நாட்குறிப்பைப் பற்றியும் ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பை நடத்தும்போது, பிள்ளை தான் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரித்துப் படிக்க வேண்டும் என்று கரும்பலகையில் கோடு போட்டு எழுதுவேன். அதை உண்மையாகவே செய்து காட்டிய ஒரே மாணவனை உட்கார வைத்தேன்.

போன மாதம் பாதியில் நிறுத்தியதற்குக் காரணம் அதுதான். "கூட்டம் ஓன்னு கத்துது" என்ற இடம் வந்தபோது அவன் முகம் நினைவுக்கு வந்தது. அவன் அன்று வரவில்லை. எங்கே இருக்கிறான் என்றும் தெரியவில்லை. தம்பி, இதைப் படித்தால், நீ கேட்டது சரி, நான் சொன்னது தப்பு. வகுப்பு முன்னால் அதட்டியதற்கு இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

விஸ்வநாத்தைப் பற்றியே ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். 1980 பிப்ரவரி, பம்பாய். கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக. விஸ்வநாத் கேப்டன். இந்தியா 242. இங்கிலாந்து 58க்கு 5. விக்கெட் கீப்பர் பாப் டெய்லர் பந்தைத் தொட்டு கேட்ச் ஆனதாக நடுவர் கையைத் தூக்கிவிட்டார். முதல் ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்கு பந்து மட்டையில் படவில்லை என்று தோன்றியது. முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு டெய்லரை ஆடச் சொன்னார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. நடுவரே கொடுத்துவிட்டார், பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தோல்விக்கும் அந்த முடிவுக்கும் முடிச்சுப் போட்டு அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து அவரைப் பற்றிப் பேசும் எவரும் அந்தத் தோல்வியைச் சொல்லி அவரைக் குறைத்துப் பேசுவதில்லை இன்று.

அவர் அன்றைக்கே செய்ததை நான் இத்தனை ஆண்டு கழித்துச் செய்கிறேன். தாமதம்தான்.

ஒரு கணக்கு மட்டும் மிச்சம். நான் சேப்பாக்கத்தில் இருந்ததாகச் சொன்னதால் என் கதையிலிருந்து இரண்டு விஷயம் விழுந்துபோயின. ஒன்று, பேடியும் சந்திரசேகரும். ராபர்ட்ஸும் விஸ்வநாத்தும் மோதினால் போதும் என்று அவர்களை விட்டுவிட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் 97 ஏது? இன்னொன்று, அந்தத் திண்ணை. ஆங்கிலம் தெரியாத அப்பா, அரைகுறை ஆங்கிலத்தோடு நான், அடுத்த தேசமாக இருந்த சென்னையிலிருந்து வந்த ஒரு ஆட்டத்தைத் தமிழாக்கிக் கேட்ட எங்கள் தெரு. கேலரியில் உட்கார்ந்திருந்தேன் என்று பெருமை அடிக்கப் போய் அதை உங்களுக்குச் சொல்லாமலே விட்டேன். நீங்கள் வேறு யாரிடமும் கேட்க முடியாத கதை அதுதான். அப்பா போய் வெகு காலமாகிறது. அந்தத் தெருவில் அன்று இருந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது மூன்று பேரோ நான்கு பேரோ.

உங்கள் வீட்டில் ரேடியோவில் மேட்ச் கேட்ட பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். எங்கே உட்கார்ந்து கேட்டார்கள், கூட யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். ஸ்கோர் எங்கேயும் கிடைக்கும், இது கிடைக்காது.

இப்போது புதுச்சேரிக்கே சொந்தமாக ரஞ்சி அணி இருக்கிறது, 2018-19 சீசனிலிருந்து. துத்திப்பட்டு மைதானத்தில் ஆட்டம் நடந்தால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தூரத்தில் உட்கார்ந்து, மட்டை வீசுவது முதலில் தெரிகிறதா, சத்தம் முதலில் கேட்கிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஒன்றுகூடலில் விஸ்வநாத் கதையை மறுபடியும் சொல்கிறேன். இந்தத் தடவை திண்ணையிலிருந்து. எழுபத்துமூன்று வரவையும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்